பிறிட்ஜில் கறுத்துப்போன கறிவேப்பிலை

தம்பி, உம்முடைய கேள்வியை இணுவிலில் அம்மா வீட்டுத் திண்ணையில் இருந்து வாசித்தேன். விடுமுறைக்கு வந்து இரண்டு கிழமை ஆகிறது. கனடாவில், ஸ்காபரோவில் பேஸ்மென்ற் அறை எடுத்து நான்கு மாதம், அம்மா சொல்லித் தந்த அளவில்தான் எல்லாம் போடுகிறேன், ஆனாலும் கறி ஊர்க்கறி மாதிரி மணக்கவில்லை, வாங்கும் கறிவேப்பிலை மூன்றாம் நாளே கறுத்துவிடுகிறது, வரும்போது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கன்று கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தீர். கன்றின் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மணம்.

இன்று காலை அம்மா பருப்புக்குத் தாளித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாச்சியை அடுப்பில் வைத்து எண்ணெய் விட்ட பிறகுதான் வேலிக்கரைக் கறிவேப்பிலை மரத்தடிக்குப் போனார். இரண்டு நெட்டு முறித்தார், வரும் வழியிலேயே உருவினார், போட்டார். மரத்திலிருந்து தாச்சிக்கு ஒரு நிமிடம். நீர் ஸ்காபரோவில் வாங்கும் இலை பறித்து, கட்டி, விமானம் ஏறி, கடையில் ஈரத்தோடு கிடந்து உம்மிடம் வரப் பல நாளாகிவிடும். உம்முடைய அம்மா அளவைச் சொல்லித் தந்திருப்பார். அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லித் தந்திருக்கமாட்டார், அது ஒரு விஷயம் என்று அவருக்கே தோன்றியிருக்காது. அங்கே போய் நாங்கள் செய்யும் வேலை எல்லாம் அந்த நாட்களின் இழப்பைக் குறைப்பதுதான்.

ஆகவே வாங்கின அன்றைக்கே வேலையை முடித்துவிடும். இலையை நெட்டோடு கழுவி, ஒரு பருத்தித் துணியில் பரப்பி, இரவு முழுக்க உலரவிடும். ஈரம்தான் எதிரி. மூன்றாம் நாள் கறுப்பது அதனால்தான். நாலைந்து நாளுக்குத் தேவையானதைப் பேப்பரில் சுற்றி ஒரு டப்பாவுக்குள் வைத்து பிறிட்ஜில் வையும். மிச்சத்தைப் பையில் போட்டு, காற்றை நன்றாக அமுக்கி வெளியேற்றி, பிறீசரில் வையும். எடுக்கும்போது உருகவிடக் கூடாது, உருகினால் துவண்டு கறுத்துவிடும். உறைந்தபடியே எண்ணெய்க்குள் போட வேண்டும். படபடவென்று தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லும். புகை இழுக்கும் காற்றாடியையும் முதலே போட்டுவிடும். நான் போன புதிதில் தாளித்த ஒரு நாள் புகை அலாரம் அடித்து, மேல்வீட்டுக்காரர் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கி ஓடிவிட்டார். அந்த மாதம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கம்.

காய்ந்த கறிவேப்பிலைப் பைக்கற் வாங்காதேயும். அது வைக்கோல்.

இன்னொன்று, போடும் நேரம். இலையின் மணம் எண்ணெயில்தான் கரையும், கனநேரம் கொதித்தால் ஆவியோடு போய்விடும். ஊர் இலைக்குப் பலம் அதிகம், எப்போது போட்டாலும் தாங்கும். பிறீசர் இலையை இரண்டாகப் பிரித்து, பாதியைத் தாளிக்கப் போடும். மீதியை, அடுப்பை நிறுத்தப் போகும்போது கையால் நசித்துப் போட்டு மூடிவிடும். சொதிக்கும் அப்படித்தான். இலையைப் போட்டு, இறக்கி, பிறகு தேசிக்காய் விடும்.

இனி ரம்பை. இதில்தான் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. போன முதல் இரண்டு வருடமும், ரம்பை அந்த நாட்டில் கிடைக்காது என்று நினைத்து ஆட்டிறைச்சிக் கறியை ரம்பை இல்லாமலே சமைத்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வியட்நாம் கடை. அதன் பிறீசரை வாரத்துக்கு ஒருமுறை தாண்டிப் போயிருக்கிறேன். உள்ளே நீட்டு நீட்டாகப் பச்சை இலை, பையில் 'பண்டான்' என்று எழுதியிருந்தது. அது எங்கள் ரம்பை! தாய்லாந்துக்காரரும் பிலிப்பீன்ஸ்காரரும் அதைப் பலகாரத்துக்குப் போடுகிறார்கள், நாங்கள் இறைச்சிக்குப் போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கிலோ இறைச்சிக்கு விரல் நீளத்தில் இரண்டு துண்டு போதும். கூடினால் கறி புட்டிங் மாதிரி மணக்கும்.

அன்றிலிருந்து நான் அடுத்தவர் கடைகளில் எங்கள் இலைகளைத் தேடத் தொடங்கினேன். வல்லாரையும் அதே வியட்நாம் கடையில் இருக்கிறது. அவர்கள் 'ராவ் மா' என்று சொல்லி அரைத்துச் சாறாகக் குடிக்கிறார்கள். நீர் அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய் சேர்த்துச் சம்பல் போடும். முருங்கையிலை பிலிப்பீன்ஸ் கடையில், உறைந்த பைக்கற்றாக. அவர்கள் வாயில் அது 'மலுங்காய்', எங்கள் முருங்கைக்குத் தடிமன் பிடித்தது போல ஒரு பெயர். நண்டுக் குழம்பு இறக்கும்போது அதில் ஒரு பிடி போட்டுப் பாரும், பிறகு எனக்கு நன்றி சொல்வீர். முளைக்கீரை வேண்டுமென்றால் ஜமெய்க்காக்காரர் கடையில் 'கலலூ' என்று கேளும், நல்ல வறை வரும். ஆனால் கவனம், திரினிடாட்காரர் அதே பெயரில் சேம்பிலையைச் சொல்வார்கள். அதை வறைக்கு அரிந்து அரைவேக்காட்டில் இறக்கினீரோ, தொண்டை கடிக்கும்.

மல்லியிலையைப் பற்றியும் கேட்டிருந்தீர். உம்மோடு இருக்கும் பெடியன் எல்லாக் கறிக்கும் மேலே தூவுகிறான் என்று. தூவட்டும், அவன் ஊர் வழக்கம் அது. எங்கள் வீட்டில் மல்லி என்றால் கொட்டைதான், தூளுக்கும், தடிமனுக்கு அவித்துக் குடிக்கவும். அம்மா ஒருநாளும் கறியில் மல்லியிலை போட்டதில்லை. எனக்கு அதில் பகை இல்லை, ஆனால் கறிவேப்பிலை இல்லாத இடத்தை அது நிரப்பாது. கறிவேப்பிலைக்குப் பதில் எலுமிச்சைத் தோலும் துளசியும் போடலாம் என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு விடும்.

சரி, செடி வளர்ப்பது. பேஸ்மென்றில் இருக்கும்வரை கறிவேப்பிலைக் கன்று வேண்டாம், வெயில் இல்லாமல் அது படும் பாட்டைப் பார்க்க முடியாது. அந்தச் சின்ன ஜன்னல் வெளிச்சத்துக்கு வெந்தயம் போதும். சமையல் வெந்தயத்தையே ஒரு தட்டு மண்ணில் தூவினால் இரண்டு மூன்று கிழமையில் கீரை பறிக்கலாம். கற்பூரவள்ளிக் கிளை ஒன்று நான் தருகிறேன். மண்ணில் குத்தினால் வரும், இருமலுக்கும் ஆகும். புதினா கடைக் கட்டிலேயே ஒரு தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும்.

மேல்மாடிக்கு, தெற்குப் பக்கம் ஜன்னல் இருக்கிற வீட்டுக்கு மாறியதும் கறிவேப்பிலை வாங்கும். நான் இரண்டைக் கொன்றிருக்கிறேன். முதலாவதை ஒக்டோபர் இரவு ஒன்றில் பல்கனியில் மறந்துவிட்டேன், விடிய உறைபனியில் கருகி நின்றது. இரண்டாவதை நேரத்தோடு உள்ளே எடுத்தேன். மார்கழியில் இலை எல்லாம் கொட்டியது. பட்டுப்போகிறதே என்று பதறித் தினமும் தண்ணீர் ஊற்றினேன். அது சும்மா நித்திரை கொண்டிருந்ததாம்! வேர் அழுகிப்போனது. மூன்றாவதுக்கு இப்போது 14 வயது. இரவு வெப்பம் 10 பாகைக்குக் கிட்ட வரும்போது உள்ளே எடுத்துவிடுவேன், குளிர்காலத்தில் மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறை முடிய மெல்ல வெளியே வைப்பேன். இலையை ஒவ்வொன்றாகப் பிய்க்காமல் நுனியோடு முறித்தால் பக்கக் கிளை வெடிக்கும். அம்மா முறிக்கிற முறிதான் அது.

எவ்வளவு தேடினாலும் எனக்குக் கிடைக்காதது இலைக்கஞ்சி இலைகள். முசுட்டை, முல்லை, குறிஞ்சா எல்லாம் இங்கே வேலியில் சும்மா படர்ந்து கிடக்கின்றன. அதற்கு விமானச் சீட்டுத்தான் எடுக்க வேண்டும். நேற்று அம்மா காய்ச்சித் தந்தார், இரண்டு கோப்பை குடித்தேன்.

இனிக் கன்று. கொண்டுவர மாட்டேன், குறை நினையாதேயும். கனடாவுக்குள் ஊர் மண்ணைக் கொண்டுபோக விடமாட்டார்கள். நடுவதற்கான கன்று என்றால் அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். தோடைச் சாதி மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் சின்னப் பூச்சி ஒன்று கறிவேப்பிலையிலும் குந்தும். அமெரிக்காவில் அதற்காகவே இந்தக் கன்றுகளுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சூட்கேசுக்குள் ஈரத்துணி சுற்றி ஒளித்துக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும், அவர்களோடு என்னைச் சேர்க்காதேயும்.

தூள் கொண்டுவருகிறேன். முற்றத்தில் பாயை விரித்து அம்மா செத்தல் மிளகாயும் மல்லியும் காயப்போட்டிருக்கிறார், நாளைக்கு வறுத்துத் திரிக்கப் போகிறோம். வறுக்கும்போது வேலிக்கரை மரத்திலிருந்து நாலு நெட்டு கறிவேப்பிலையும் அதற்குள் போகும். விமான நிலையத்தில் சொல்லிக் காட்டித்தான் எப்போதும் கொண்டுபோகிறேன். அடுத்த மாதம் ஒரு வெறும் போத்தலோடு என் வீட்டுக்கு வாரும், கற்பூரவள்ளிக் கிளையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாம்.