‘பிறவியிலேயே கற்பனை இல்லை’ என்றவருக்கு

திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடற்கரை விடுதி வரவேற்பில் வேலை, மாரி மழைக்காலத்தில் விருந்தினரைப் பிடிக்க யோசனை சொல்லும்படி முகாமையாளர் நெருக்குகிறார், ‘எனக்குப் பிறவியிலேயே கற்பனை இல்லை’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வசனம்தான் இடிக்கிறது.

2002இல் டியர்னி, ஃபார்மர் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். வேலையைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை வேறு, புதிதாக யோசிக்க முடியும் என்ற நம்பிக்கை வேறு. இரண்டாவது கூடியவர்களுக்கு மேலதிகாரிகள் படைப்பாற்றலில் கூடிய புள்ளி கொடுத்திருந்தார்கள். நம்பினால் யோசனை கொட்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. நல்ல யோசனை சொன்னபிறகு நம்பிக்கை வந்திருக்கவும் கூடும். ஆனால் ‘பிறவி’ என்று நினைப்பவர் இரண்டாவது யோசனைக்கே போகமாட்டார்.

நானும் பக்கத்து உப்புவெளியில் இப்படி முழித்தவன்தான். மாரிக் கடலில் புறாமலைத் தீவுக்குப் போகும் படகை நம்ப முடியாது. சரி, கடலை விட்டால் என்ன இருக்கிறது என்று மட்டும் யோசித்தேன். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள்! மழைக்குளிரில் சுடுநீர். முதல் பயணத்துக்கு இரண்டு பேர்தான் வந்தார்கள். ஆனாலும் அடுத்த யோசனை சொல்ல வாய் கூசவில்லை.

போன மாரியில் விருந்தினர் கேட்டு நீங்கள் ‘இல்லை’ என்றவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பத்து சேர்ந்ததும் முகாமையாளரிடம் காட்டுங்கள்.