வலியைப் பத்தி அப்புறம் பேசலாம், ஃபைல் எங்க?

கேள்வி: அம்மா, எனக்கு 24 வயசு. பொறந்தது பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம், வாக்கப்பட்டது திருப்பூர். இது தலைப்பிரசவம், 35 வாரம் முடிஞ்சிருக்கு. ஏழு வகை சோறு கட்டி வளைகாப்பு போட்டு போன வாரம்தான் அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ராத்திரில தூக்கமே இல்ல. வலி வந்தா தாங்குவேனா, சூட்டு வலி எது பிள்ளை வலி எதுனு எப்படிம்மா தெரியும்? லேபர் ரூம்ல கத்தினா நர்ஸ் அடிப்பாங்கனு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. உள்ள கூட நிக்கறது எங்க அம்மாவா அத்தையானு ரெண்டு வீட்டுலயும் மனஸ்தாபம். செக்கப் எல்லாம் திருப்பூர்லதான் பாத்தோம், ஒண்ணும் பிரச்சினை இல்லனு சொல்லிட்டாங்க, ஃபைல் அத்தை பீரோவுல பத்திரமா இருக்கு. எனக்குக் கொஞ்சம் தைரியம் சொல்லுங்கம்மா.
– பெயர் வேண்டாம்

பதில்:

நாலு பக்கம் எழுதியிருந்த, மேல சுருக்கித்தான் போட்டிருக்கோம். தைரியம் சொல்லுங்கனு முடிச்சிருக்க. அதை நான் சொல்லப் போறதில்ல கண்ணு, அதைச் சொல்ல உன்னைச் சுத்தி பத்து பேர் இருக்காங்க. நான் பிடிச்சிக்கிட்டது ஒரே ஒரு வரி, மூணாம் பக்கத்துல போற போக்குல எழுதிட்டுப் போயிட்டியே, "ஃபைல் அத்தை பீரோவுல பத்திரமா இருக்கு"னு, அந்த வரி.

யாருக்குப் பத்திரம்? பிள்ளை உன் வயித்துல இருக்கு, நீ பட்டுக்கோட்டை பக்கம் இருக்க, உன் ரத்தம் என்ன குரூப்புனு எழுதின பேப்பர் மட்டும் அரை நாள் பஸ் பயணத்துக்கு அந்தப் பக்கம் பட்டுப்புடவைக்கு அடியில கிடக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு பனிக்குடம் உடைஞ்சு உன்னை 108ல ஏத்தினா, டியூட்டில இருக்கிற டாக்டரம்மா முதல்ல நீட்டுற கைக்கு என்ன குடுப்ப? வளைகாப்பு போட்டோவா?

கோவமாத்தான் எழுதறேன். ஏழு வகை சோறு என்னென்னனு வரிசையா எழுதியிருந்த, எந்த அத்தை எத்தனை வளையல் போட்டாங்கனு எழுதியிருந்த, பொம்பளப் பிள்ளைனா என்ன பேருனு கூட இருந்துச்சு. உன் ரத்த குரூப் அந்த நாலு பக்கத்துல எங்கயும் இல்ல, ஹீமோகுளோபின் எவ்வளவுனு இல்ல, கடைசியா பாத்த பிபி இல்ல, சர்க்கரை டெஸ்ட் எடுத்தாங்களானு இல்ல. ஒண்ணும் பிரச்சினை இல்லனு யாரோ உன்கிட்ட வாயால சொன்னதுதான் இருக்கு. லேபர் ரூம்ல அந்த வார்த்தையை வச்சுக்கிட்டு யாரும் எதுவும் செய்ய முடியாது, அவங்களுக்கு நம்பர் வேணும்.

இவ்வளவு கடுமையா ஏன் பேசறேனு நினைப்ப, சொல்றேன். என் கூடப்பொறந்த அக்கா 1988ல முதல் பிள்ளைக்கு எங்க வீட்டுக்கு வந்தா. அவ செக்கப் கார்டை அவங்க மாமனார் வீட்டுப் பத்திரத்தோட சேத்து டிரங்குப் பெட்டில வச்சுட்டாரு, அவருக்கு எல்லா காகிதமும் ஒரே இடத்துல இருக்கணும், நல்ல மனுஷன்தான். இங்க ஒரு ஆஸ்பத்திரில சுகப்பிரசவம், பொண்ணு, மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, சர்க்கரை வாங்கி தெரு முழுக்கக் குடுத்தோம். அக்காவுக்கு ஓ நெகட்டிவ், பொறந்த பிள்ளைக்கு பாசிட்டிவ். அப்படி இருந்தா பிள்ளை பொறந்து 72 மணி நேரத்துக்குள்ள தாய்க்கு ஆன்டி-டினு ஒரு ஊசி போடணும், போடலைனா பிள்ளையோட ரத்தத்தை எதிரியா நினைச்சு தாய் உடம்பு அதுக்கு எதிர்ப்பு சக்தியை உண்டாக்கி வச்சுக்கும், முதல் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்து பாசிட்டிவ்ல வர்ற பிள்ளையோட ரத்தத்தை அது வயித்துக்குள்ளயே அழிக்கும். அந்த ஆஸ்பத்திரிக்காரங்களும் ரத்தம் பாத்திருக்கணும், பாக்கல, அது அவங்க தப்பு, அதை நான் இன்னிக்கும் மன்னிக்கல. ஆனா எங்க வீட்டுல அத்தனை பேர் இருந்தோமே, ஒருத்தருக்கும் தெரியலயே. ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டாவது பையன், உடம்பெல்லாம் நீர் கோத்து மஞ்சளாப் பொறந்தான், ரெண்டாம் நாள் போயிட்டான். அப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாத்தா கார்டுல சிவப்பு மையில வட்டம் போட்டு எழுதியிருக்கு, நெகட்டிவ்னு. அந்த வட்டத்தை நான் என் கண்ணால பாத்தேன்.

உனக்கும் நெகட்டிவ்னு நான் சொல்லல. என்னனு உனக்கே தெரியாதுனுதான் சொல்றேன். இப்பல்லாம் நெகட்டிவ்காரங்களுக்கு 28 வாரத்துலயே ஒரு ஊசி போடற வழக்கம் இருக்கு, உனக்குப் போட்டாங்களா இல்லையாங்கறதும் அந்த பீரோவுக்குள்ளதான் இருக்கு.

ரத்த குரூப் மட்டுமில்ல. ஹீமோகுளோபின் 11க்குக் கீழ போனா ரத்தசோகை, 7க்குக் கீழ போனா ரொம்ப ஆபத்து. பிள்ளை வெளிய வந்த பிறகு வர்ற ரத்தப்போக்குதான் பிரசவத்துல டாக்டருங்க ரொம்ப பயப்படற விஷயம், அதுக்குத்தான் பிள்ளை வந்த உடனேயே தொடையில ஆக்சிடோசின் ஊசி போடறாங்க, அரை லிட்டருக்கு மேல போச்சுனா அதிகம்னு கணக்கு. 12 இருக்கிறவ தாங்கிக்கற அளவை 7 இருக்கிறவ தாங்கமாட்டா. உன் அளவு முன்னாடியே தெரிஞ்சா ரத்தம் ரெடி பண்ணி வைப்பாங்க, இல்ல இப்பவே இரும்புச்சத்து ஊசி போட்டு ஏத்தி விடுவாங்க. மஞ்சள் காமாலை பி கிருமி தாய்க்கு இருந்தா பிள்ளைக்குப் பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசியோட இன்னொரு மருந்தும் சேத்துப் போடணும். ஸ்கேன்ல நஞ்சுக்கொடி கீழ இறங்கியிருந்தா அதுக்கு வழி வேற. இதெல்லாம் காகிதம் இல்லாமப் போனாலும் பாப்பாங்க, யாரும் உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க, ஆனா நீ வலியில துடிக்கறப்ப ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கணும், அந்த நேரத்தை நீயா தொலைக்கிற.

உங்க அம்மாவையும் நான் விடப்போறதில்ல. சீர் தட்டு எத்தனைனு எண்ணி எடுத்துட்டு வந்தவங்க, பொண்ணைக் கூட்டிட்டு வர்றப்ப ஃபைலை ஏன் கேக்கல? சம்பந்தி என்ன நினைப்பாங்களோனு இருந்திருப்பாங்க. தலைப்பிரசவம் தாய்வீட்டுலனு நம்ம பெரியவங்க வச்சதை நான் மனசார நம்பறவ, பிள்ளை பெத்த உடம்பு எந்தக் கூச்சமும் இல்லாமப் படுத்துக் கிடக்கற இடம் பெத்தவ வீடுதான். ஆனா பொறுப்பை வாங்கிக்கிட்டா முழுசா வாங்கிக்கணும், பொண்ணை வாங்கிக்கிட்டு அவ ஃபைலை விட்டுட்டு வர்றது பாதிப் பொறுப்பு.

அத்தையைக் கெட்டவங்கனு நான் சொல்லல. பிள்ளை பொறந்து மருமக திரும்ப நம்ம வீட்டுக்குத்தானே வருவா, தொலைஞ்சிடக் கூடாதுனு பூட்டி வச்சிருப்பாங்க. அக்கறைதான். ஆனா அந்த அக்கறை உன் உடம்புக்கு உபயோகப்படாத இடத்துல உக்காந்திருக்கு. ஃபைல் உன் உடம்போட ஒரு பாகம் மாதிரி, அது நீ போற இடமெல்லாம் வரணும். அதைக் கேக்கறது மரியாதைக் குறைவு கிடையாது.

உன் வீட்டுக்காரரைப் பத்தி நாலு பக்கத்துலயும் ஒரே வரி, சனிக்கிழமை வந்து பாத்துட்டுப் போறாருனு. வெறுங்கையோடயா வர்றாரு? ஆப்பிளும் மாதுளையும் வாங்கிட்டு வர்றதா எழுதியிருக்க. அதை பட்டுக்கோட்டையிலயே வாங்கிக்கலாம். அப்பா ஆகப்போற மனுஷன் வலி வர்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலைனு ஒண்ணு இருக்குனா அது இதுதான். இன்னிக்கு ராத்திரியே ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல உனக்கும் உங்க அம்மாவுக்கும் அனுப்பட்டும், ஒரிஜினலை சனிக்கிழமை கையில எடுத்துட்டு வரட்டும். அம்மாகிட்ட கேக்கத் தயக்கமா இருக்குனு சொன்னாருனா, நாளைக்கு ஆபரேஷன் கையெழுத்துக்குக் கூப்பிட்டா அங்கயும் தயங்கி நிப்பாரானு கேளு. நான் கேக்கச் சொன்னேனு சொல்லியே கேளு.

அதுக்குக் காத்துட்டும் இருக்காத. நாளைக்கே உங்க ஊர் கிராம செவிலியரைப் போய்ப் பாரு. திருப்பூர்ல பதிஞ்சிருந்தா பிக்மி நம்பர், அதான் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் குடுக்கற பதிவு நம்பர், இருக்கும், அதைச் சொன்னா போதும், இல்லைனா இப்பவாவது பதியச் சொல்லு, நாளைக்கு பர்த் சர்டிபிகேட்டுக்குப் போனா அந்த நம்பரைத்தான் கேப்பாங்க. முத்துலட்சுமி ரெட்டி பேர்ல அரசாங்கம் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமா சேத்து 18,000 ரூபாய் குடுக்குதே, உனக்கு அதுக்குத் தகுதி இருக்கானும் அவங்களே சொல்லிடுவாங்க. அப்படியே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுத்து குரூப்பும் ஹீமோகுளோபினும் இன்னொரு தடவை பாத்துடு. எங்க பிரசவம்னு நீ எழுதவே இல்ல, அது முடிவாகலங்கறது எனக்குப் புரியுது. பட்டுக்கோட்டையில முடியாதுனு தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்கனா வண்டியில ஒரு மணி நேரம் போகணும், அந்தப் பயணத்துல உனக்காகப் பேசப் போறது அந்த ஃபைல் மட்டும்தான். உன் கடுதாசி வந்தப்ப 35 வாரம், இது அச்சாகி உன் கைக்கு வர்றப்ப 37 ஆகியிருக்கும், அதுக்கப்புறம் எந்த ராத்திரியும் வரலாம்.

இப்ப நீ கேட்டதுக்கு வர்றேன். வலிக்கும். தலைப்பிரசவம்னா பாதி நாள், சிலருக்கு அதுக்கு மேலயும் இழுக்கும், ரெண்டு விரல் திறந்திருக்கு மூணு விரல் திறந்திருக்குனு சொல்லிட்டே இருப்பாங்க, கர்ப்பப்பை வாய் பத்து சென்டிமீட்டர் திறக்கணும். சூட்டு வலி வந்து வந்து போகும், நடந்தாலோ சீரகத் தண்ணி குடிச்சுப் படுத்தாலோ அடங்கிடும், அதுக்கு ஒரு கணக்கு இருக்காது. பிள்ளை வலி முதுகுல கிளம்பி அடிவயித்துக்கு வந்து பிடிக்கும், என்ன பண்ணாலும் அடங்காம இடைவெளி குறைஞ்சு குறைஞ்சு பலம் கூடிக்கிட்டே போகும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுனு ஒரு மணி நேரம் விடாம வந்தா கிளம்பிடு. தண்ணி உடைஞ்சாலோ, ரத்தம் போனாலோ, பிள்ளை அசைவு குறைஞ்ச மாதிரி இருந்தாலோ, கண்ணு மங்கி தலைவலி தாங்கலைனாலோ வலிக்காகக் காத்திருக்கக் கூடாது, ராகுகாலம் முடியட்டும்னு வாசல்ல நிக்கவும் கூடாது. உடைஞ்ச தண்ணி பச்சையா இருந்தா பிள்ளை உள்ளயே மலம் கழிச்சிருக்குனு அர்த்தம், அதை மறக்காம டாக்டர்கிட்ட சொல்லணும்.

அடிப்பாங்கனு பயப்படற. திட்டறவங்க இருக்காங்க, அது தப்பு, வலியில கத்தறவளை அதட்டறது எந்த ஊர் நியாயமும் இல்ல. அதுக்குத்தான் அரசு ஆஸ்பத்திரிலயும் லேபர் ரூம்ல கூட ஒரு பொம்பளை நிக்கலாம்னு வச்சிருக்காங்க. யார் நிக்கணும்னா உங்க அம்மா. யார் முன்னாடி நீ அழுதுட்டு வெக்கப்படாம இருப்பியோ அவங்கதான் நிக்கணும், இதுல கௌரவம் பாக்க ஒண்ணுமில்ல. பிள்ளை பொறந்ததும் முதல் போன் அத்தைக்குப் போகட்டும், பிள்ளையை முதல்ல மடியில வாங்கறது அவங்களா இருக்கட்டும், அது அவங்களுக்குச் சேர வேண்டியது. அதை இப்பவே அவங்ககிட்ட சொல்லிடு, பாதி மனஸ்தாபம் அதுலயே தீந்துடும்.

ஃபைலை வீட்டுக்காரர் கேக்கட்டும்னு சொன்னேன், யோசிச்சா நீயும் ஒரு போன் போடறது நல்லது. அவர் கேட்டா மருமக தூண்டி விட்டானு இருக்கும், நீயே கேட்டா அது அத்தைக்கும் மருமகளுக்கும் நடுவுல முடிஞ்சு போகும். சாயங்காலம் விளக்கு வச்சுட்டு அவங்க ஓய்வா உக்காந்திருக்கிற நேரமாப் பாத்துக் கூப்பிடு, சாப்டீங்களா அத்தைனு ஆரம்பி, அப்புறம் சுத்தி வளைக்காத: "அத்தை, என் ரத்தம் என்ன குரூப்புனு எனக்கே தெரியல, பீரோவைத் திறந்து ஃபைல்ல முதல் பக்கத்தைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."