வளவளப் பேச்சு

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 31. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்து நண்பர்கள் கூடிப் படிக்கிறோம். இதுவரை நாவல்கள்தான். இனி செவ்வியல் நூல்களையும் தத்துவத்தையும் முறையாகப் படிக்கலாம் என்று ஆரம்பித்ததில் சண்டை வந்துவிட்டது. பிளேட்டோவைப் படிக்காமல் கான்ட்டைத் தொடவே கூடாது என்கிறார் ஒருவர். தஸ்தயேவ்ஸ்கி போதும், எல்லாத் தத்துவமும் அவருக்குள் இருக்கிறது என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் சுருக்கமாகப் படித்தால் போதும், மூலத்தில் பாதி சக்கை என்கிறார். நான் பிளேட்டோவின் ‘குடியரசு’ வாங்கினேன். ஆரம்பம் முழுக்க ஒரே வளவளப் பேச்சு. திருவிழா, கிழவர், வயதாவதைப் பற்றி அவருடைய கதை. அதைத் தள்ளிவிட்டு நேராக ஏழாம் புத்தகத்துக் குகைக்குப் போனேன், சுவரில் விழும் நிழல்களையே நிஜம் என்று நம்பிக் கட்டுண்டு கிடப்பவர்களின் கதை. அது பிரமாதம். நான் செய்தது சரிதானா? பத்து நூல்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் தருவீர்களா? தமிழில் படிப்பதா, ஆங்கிலத்திலா? 31 வயது தாமதமா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். 31 எல்லாம் ஒரு வயதா? போங்கள். எந்த மொழியில் படிக்கும்போது ‘நான் தத்துவம் படிக்கிறேன்’ என்ற நினைப்பு மறந்துபோகிறதோ, அந்த மொழியில் படியுங்கள். தமிழ் என்றால் வெ. சாமிநாத சர்மா ‘பிளாட்டோவின் அரசியல்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்திருக்கிறார். நூலகத்தில் தேடுங்கள். தஸ்தயேவ்ஸ்கி நண்பரிடம் வம்பு வேண்டாம், அவர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறார். கான்ட்டுக்கு அவசரம் ஒன்றுமில்லை. சுருக்கம் போதும் என்கிற நண்பருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

பட்டியல் சண்டை உங்கள் ஐந்து பேரோடு தொடங்கியதில்லை. 1886-ல் லண்டனில் தொழிலாளர்களுக்கான ஒரு கல்லூரியில் ஜான் லப்பக் என்பவர் பேசினார். மனிதன் படிக்கவேண்டிய நூறு நூல்கள் எவை என்பது பேச்சு. மனிதர் வங்கிக்காரர். எறும்புகளை வளர்த்து ஆராய்ச்சி செய்தவர். நாடாளுமன்றத்தில் 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். லீவு வாங்கிக் கொடுத்தவர், லீவில் எதைப் படிப்பது என்றும் சொல்லிவிட்டார். அவர் பட்டியலில் மார்க்கஸ் அரேலியஸ் இருந்தார், கன்ஃபூசியஸ் இருந்தார், நம் மகாபாரதமும் ராமாயணமும்கூட இருந்தன. பால் மால் கெஜட் பத்திரிகை அதைப் பெரிய மனிதர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. கலை விமர்சகர் ரஸ்கின் பேனாவை எடுத்து வரிசையாக அடித்துத் தள்ளினார். வரலாற்றாசிரியர் கிப்பன் போனார், டார்வின் போனார். ஆஸ்கார் வைல்டோ, இன்றைக்கு அவசரமாகத் தேவைப்படுவது படிக்கக் கூடாத நூல்களின் பட்டியல்தான் என்று எழுதினார். அந்த மூன்று பேரும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நடத்துங்கள்.

ஆனால் அந்த ‘வளவளப் பேச்சு’ இருக்கிறதே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் பாதி உங்கள்மேல், பாதி என்மேல். நானும் இதையே செய்தவன். கல்லூரியில் எங்களுக்குக் கொடுத்த சைக்ளோஸ்டைல் நோட்ஸில் ‘முதல் புத்தகம்: அறிமுகம், தேர்வுக்கு வராது’ என்று ஒரே வரி. குகைக்கு மட்டும் நான்கு பக்கம். குகையை உருப்போட்டுப் பாஸ் பண்ணினேன். பிறகு இருபது வருடம் பிளேட்டோவைப் படித்தவன் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சரி, என்னதான் இருக்கிறது அந்தப் பக்கங்களில்? சாக்ரடீஸும் பிளேட்டோவின் சகோதரன் கிளாக்கனும் ஏதென்ஸிலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு இறங்கிப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு தேவதைக்கு முதன்முதலாகத் திருவிழா எடுக்கிறார்கள். கும்பிட்டு, ஊர்வலம் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு அடிமைப் பையன் ஓடிவந்து சாக்ரடீஸின் மேலாடையைப் பிடித்து இழுக்கிறான். பாலிமார்க்கஸ் நிற்கச் சொன்னாராம். பாலிமார்க்கஸும் கூட்டத்தோடு வந்து சேர்கிறான். நாங்கள் எத்தனை பேர் பார்த்தீர்களா, எங்களை ஜெயித்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் இங்கேயே இருங்கள் என்கிறான். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதே, எங்களை விட்டுவிடும்படி உங்களிடம் பேசிப் புரியவைக்கலாமே என்கிறார் சாக்ரடீஸ். கேட்கவே மாட்டோம் என்று இருப்பவர்களிடம் பேசி என்ன ஆகும் என்கிறான் அவன்.

எல்லாம் சிரிப்பும் கும்மாளமும்தான். ராத்திரி குதிரைமேல் தீவட்டி ஓட்டம் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். கேட்கவே மாட்டேன் என்பவனிடம் நியாயம் பேசி என்ன ஆகும் என்பதை ஒருவன் விளையாட்டாகக் கேட்டுவிட்டான். இதையா ஐயா நீங்கள் தள்ளிவிட்டுப் போனீர்கள்?

வீட்டில் பாலிமார்க்கஸின் அப்பா கெபலஸ், தலையில் மாலையோடு, மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதுதான் முற்றத்தில் பலி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வயதாகிவிட்டதே என்று எல்லாரும் அழுகிறார்கள், எனக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார். பணத்தால் என்ன பெரிய நன்மை என்று சாக்ரடீஸ் கேட்கிறார். யாரையும் ஏமாற்றாமல், கடவுளுக்கும் மனிதருக்கும் பாக்கி வைக்காமல் சாகலாம் என்கிறார் கிழவர். நம் தெருவிலும் இப்படி ஒரு பெரியவர் உண்டு. பாக்கியைத் திருப்பிக் கொடுப்பதுதான் நீதியா என்று பிடித்துக்கொள்கிறார் சாக்ரடீஸ். நல்ல நிலையில் இருந்தபோது ஆயுதத்தைக் கொடுத்துவைத்த நண்பன், புத்தி கலங்கிய பிறகு வந்து கேட்டால் திருப்பித் தருவீர்களா?

ஆயுதம் என்ற உதாரணம் எங்கே வைத்துப் பேசப்படுகிறது என்று பாருங்கள். அது கேடயம் செய்கிறவர்களின் வீடு. கெபலஸ் சிராக்யூஸ் ஊர்க்காரர். அன்றைய ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளீஸ் அழைத்து அங்கே வந்து குடியேறியவர். பட்டறையும் செல்வமும் சேர்த்த குடும்பம், ஆனால் குடியுரிமை கிடையாது. இதே வீட்டில் கொஞ்ச நேரத்தில் திராசிமாக்கஸ் என்பவர் கத்தப்போகிறார்: வலியவனுக்கு எது லாபமோ அதுதான் நீதி. வீட்டுக்காரன் பாலிமார்க்கஸ் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுடைய தம்பி லிசியஸும் அங்கே இருக்கிறான். கடைசிவரை வாய் திறப்பதில்லை.

பிளேட்டோ இதை எழுதிய காலத்தில் பாலிமார்க்கஸ் உயிரோடு இல்லை. கி.மு. 404-ல், ஸ்பார்ட்டாவுடன் நடந்த போரில் ஏதென்ஸ் தோற்ற பிறகு, முப்பது பேர் ஆட்சியைப் பிடித்தார்கள். பணமுள்ள குடியேறிகளைக் குறிவைத்தார்கள். பாலிமார்க்கஸைத் தெருவில் பிடித்துக்கொண்டு போனார்கள். என்ன குற்றம் என்று சொல்லக்கூட இல்லை, விசாரணை இல்லை, நஞ்சைக் குடிக்க வைத்தார்கள். அந்த முப்பது பேருக்குத் தலைவன் போல இருந்த கிரிட்டியாஸ், நம் கணக்கில் சொன்னால், பிளேட்டோவுக்கு ஒன்றுவிட்ட தாய்மாமன். சொந்தத் தாய்மாமன் சார்மிடீஸும் அந்தப் பக்கம்தான். மாமன்கள் கொன்ற மனிதனின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அவனை உயிரோடு பேசவிட்டு, நீதி என்றால் என்ன என்று கேட்கிறது அந்தப் புத்தகம்.

இதை பிளேட்டோ எங்கேயும் சொல்வதில்லை. அன்றைய ஏதென்ஸ்காரனுக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, பெயரைக் கேட்டதும் தெரியும். நம் ஆட்கள் புறநானூற்றைத் தொகுத்தபோது பாட்டுக்குக் கீழே இன்னார் பாடியது, இன்ன துறை என்று எழுதிவைத்தார்கள். ‘அற்றைத் திங்கள்’ பாட்டைப் பாடியவர்கள் பாரி மகளிர் என்ற குறிப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால், நிலாவைப் பற்றிய ஐந்து அழகான வரிகள் என்று நாமும் தாண்டிப் போயிருப்போம். பிளேட்டோவுக்குக் கீழே அந்தக் குறிப்பு இல்லை. நீங்கள் தாண்டிப் போனதில் ஆச்சரியமும் இல்லை. இருந்தாலும் திட்டத்தான் செய்வேன்.

எனக்கு இது தெரியவந்தது பிளேட்டோ வழியாகக்கூட இல்லை, லிசியஸ் வழியாக. அங்கே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த தம்பி, தானும் பிடிபட்ட அன்று காவலுக்கு நின்றவனுக்குப் பணம் கொடுத்து, பின்கதவு வழியாகத் தப்பி, பக்கத்து நகரமான மெகாராவுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டான். முப்பது பேர் ஆட்சி கவிழ்ந்ததும் திரும்பி வந்து, அண்ணனைப் பிடித்துக்கொடுத்தவன்மேல் வழக்குத் தொடுத்துப் பேசினான். அந்தப் பேச்சு இன்றும் கிடைக்கிறது. பட்டறையிலிருந்து 700 கேடயங்களை அள்ளிப்போனார்கள் என்று கணக்குச் சொல்கிறான். அண்ணியின் காதில் கிடந்த தங்கத் தோட்டை ஒருவன் பிடுங்கிக்கொண்டதைச் சொல்கிறான். அப்புறம் இதைச் சொல்கிறான்: எங்களுக்கு மூன்று வீடுகள் இருந்தன, ஒன்றிலிருந்துகூட அண்ணனை எடுக்கவிடவில்லை. வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்து அதில் கிடத்தினோம். வீட்டில் எத்தனையோ ஆடைகள், கேட்டும் ஒன்று தரவில்லை. நண்பர்களில் ஒருவர் போர்த்த ஆடை கொடுத்தார், ஒருவர் தலையணை கொடுத்தார்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் அப்பா இறந்தது சென்னையில், வாடகை வீட்டில் இருந்தபோது. மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து வேன் வந்து நின்றதும் வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம்கூடப் போடவில்லை. “மேல ஏத்தாதீங்க தம்பி, பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்கோம்” என்றார், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில். ஒன்பது வருடம் ஒரு நாள் தாமதமில்லாமல் வாடகை கொடுத்த மனிதர் வேனுக்குள் கிடந்தார். டிரைவர் இரண்டு தடவை மணி பார்த்தார்.

தெருமுனையில் டூவீலர் மெக்கானிக் ஒருவர். அவருடைய ஷெட்டில்தான் அப்பாவைக் கிடத்தினோம். பிரித்துப் போட்டிருந்த வண்டிகளை அவரும் வேலைக்கார பையனும் தள்ளித் தள்ளி வெளியே விட்டார்கள். தரையெல்லாம் ஆயில். மேலே மரத்தூளைத் தூவினார்கள். டீக்கடைக்காரர் பெஞ்ச் கொண்டுவந்தார். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் எட்டு முழ வேட்டி வாங்கிவந்தார், மடிப்புக் கலையாமல், கடை ஸ்டிக்கரோடு. மாடியில் எங்கள் பீரோவில் அப்பாவின் வேட்டிகள் அடுக்கி இருந்தன. சலவைக்குப் போட்டு வந்தவை. போய் எடுத்துவரலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட் திறந்துதான் இருந்தது, எங்களை யாரும் தடுத்திருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் தோன்றவில்லை.

பாலிமார்க்கஸுக்கு நடந்தது கொலை, எங்களுக்கு நடந்தது ஒரு சில்லறை அவமானம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். ஆனால் அந்தக் கொட்டகையும் அந்தத் தலையணையும் எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது போல இருந்தது. மறுநாள் காலையில் ‘குடியரசு’ முதல் பக்கத்தை எடுத்தேன். பையன் ஓடிவந்து மேலாடையைப் பிடித்து இழுத்தான். இருங்கள், ராத்திரி திருவிழா இருக்கிறது என்றான் பாலிமார்க்கஸ். நான்கு வரிக்கு மேல் நகர முடியவில்லை. நோட்ஸ் போட்டுக் கொடுத்த வாத்தியார் நல்லவர்தான், நூற்றுக்கணக்கான பேப்பர் திருத்தவேண்டிய மனிதர். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் ‘தேர்வுக்கு வராது’ என்ற அந்த ஒற்றை வரியை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

குகை பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குகைக் கதை கேடயக்காரர் வீட்டில், அந்த மனிதர்களுக்கு நடுவே சொல்லப்படுகிறது. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கி வருகிறவனைக் கையில் கிடைத்தால் கொன்றுவிடுவார்கள் என்று அதில் ஒரு வரி வரும். அதைச் சொல்பவர் சாக்ரடீஸ். அவருக்கு என்ன ஆயிற்று என்பதாவது உங்களுக்குத் தெரியுமே.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்யுங்கள். முதல் புத்தகத்தின் ஆரம்பத்தை ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துச் சத்தமாகப் படியுங்கள். நீங்கள் பாலிமார்க்கஸ். தஸ்தயேவ்ஸ்கி நண்பருக்குத் திராசிமாக்கஸைக் கொடுங்கள், குரல் ஒத்துவரும் என்று நினைக்கிறேன். சுருக்கம் போதும் என்கிறவருக்குக் கெபலஸ். கிழவர் பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் வாதத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பூஜை பாக்கி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். அவருக்கு அது பிடிக்கும்.

லிசியஸின் அந்தப் பேச்சு சின்னதுதான், ஒரு மாலையில் முடித்துவிடலாம். அதையும் சேர்த்தால் உங்கள் பட்டியலில் இரண்டு ஆயிற்று.

அன்புடன்.