வஞ்சிரத்துக்குக் கீழேதான் புலி

அன்புள்ள சார்,

என் மகளின் அறிவியல் புத்தகத்தில் உணவுப் பிரமிடின் உச்சியில் கழுகு உட்கார்ந்திருக்கிறது. மனிதனைக் காணோம். "நாமதான் எல்லாத்துக்கும் மேல" என்று சொல்லிவைத்தேன். இப்போது பார்த்தால் மனிதன், பன்றி, நெத்திலி மூவரும் ஒரே படி என்று ஒரு செய்தி வந்தது. விளையாட்டுக்கு எழுதினார்களா? இப்படிப் படி பிரிப்பதில் என்ன பயன்?

செல்வி

அன்புள்ள செல்வி,

விளையாட்டில்லை. 2013-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் உலக மக்கள் சாப்பிடுவதை வைத்துப் போட்ட கணக்கு அது. மனிதனுக்கு வந்த எண் 2.21. பன்றியும் பெரு நாட்டு நெத்திலியும் அதே அக்கம்பக்கம்தான்.

கணக்கு லேசானது. செடிகொடிக்கும் கடல் பாசிக்கும் 1. மற்ற எதற்கும், அது தின்பவற்றின் எண்களுடைய சராசரியோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒருவர் தட்டில் பத்தில் எட்டுப் பங்கு சோறு, பருப்பு, காய். இரண்டு பங்கு ஆட்டுக்கறி, பால் என்று வையுங்கள். சோறு, பருப்பு, காய்க்கு 1, செடி தின்னும் ஆட்டின் கறிக்கு 2; சராசரி 1.2. ஒன்றைக் கூட்டினால் 2.2. (பாலும் பசுவிடமிருந்து வருவதால் அதற்கு 2. தயிர்சாதம் சாப்பிடும் சைவர்கூடச் சரியாக 2-ல் நிற்க மாட்டார்.)

பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. வெயிலில் விளைந்த ஆற்றல் எத்தனை கை மாறி வாய்க்கு வந்தது, அவ்வளவுதான். புல்லை மான் தின்றது, மானைப் புலி தின்றது; புலிக்கு 3. கடலில் கை அதிகம்: பாசியை மிதக்கும் பொடி உயிரிகள் தின்ன, அவற்றைச் சின்ன மீன் தின்ன, அதை வஞ்சிரம் விழுங்க, வஞ்சிரம் 4-ஐ எட்டிவிடும். அவ்வளவு பெரிய நீலத் திமிங்கிலமோ பொடி இறால் போன்ற கிரில்லை அள்ளித் தின்பதால் ஏறக்குறைய 3-ல் நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால் அந்தப் பிரமிடு படம்தான் குழப்புகிறது. உச்சியில் இருப்பவர் ராஜா என்று தோன்றிவிடும்.

படிகள் ஐந்தைத் தாண்டுவது அபூர்வம். ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும். மீதி பெரும்பாலும் மூச்சிலும் உடல் சூட்டிலும் கரைந்துவிடும். உயிர்களை இப்படி ஆற்றல் கணக்கில் அடுக்கிப் பார்த்தவர் அமெரிக்கர் ரேமண்ட் லிண்டமன். மின்னசோட்டாவின் ஒரு சேற்று ஏரிதான் அவருடைய ஆய்வுக்கூடம். கட்டுரையை மதிப்பிட்டவர்கள் முதலில் வேண்டாமென்றார்கள். 1942-ல் அது அச்சானபோது அவர் உயிரோடு இல்லை. முப்பது வயதுகூட ஆகவில்லை.

பயன் கேட்டீர்கள். மீனில் சேரும் பாதரசம் படிக்குப் படி கூடிக்கொண்டே போகும். கர்ப்பிணிகளுக்குச் சுறா மாதிரிப் பெரிய வேட்டை மீன்கள் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நெத்திலிக்கு அந்தத் தடை இல்லை.