கொலைகாரனை என் குரலே காட்டிக்கொடுத்தது

கேள்வி: ஒலிப்புத்தகங்களில் மக்களுக்கு அப்படி என்ன ஈர்ப்பு? புதிதாகத் துப்பறியும் கதை எழுதுகிற ஒருவருக்கு அதில் வாய்ப்பு இருக்கிறதா?

இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பேசாமல் போக முடியவில்லை. கேட்டவர் யாரென்று தெரியாது. ஆனால் உங்களிடம் ஒரு கொலைக் கதை எழுதி முடித்தபடி கிடக்கிறது, நாலைந்து பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார்த்து ஒரு பதிலும் வரவில்லை, சொந்தமாக அச்சடிக்கக் கையில் காசும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் இலங்கையின் வன்னிப் பகுதியில் விசுவமடுவில் இருக்கிறேன், முன்பள்ளி ஆசிரியை. என் அண்ணாவுக்கு 2009 மாசியில் தேவிபுரத்தில் எறிகணைச் சிதறல் பட்டு இரண்டு கண்ணும் போய்விட்டன. அந்த நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அண்ணாவின் கண்ணை வைத்துப் பரிதாபம் தேடுகிறாள் என்று யாராவது சொல்லக்கூடும். அவரிடம் கேட்டு, அவர் "எழுது" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அண்ணா முன்பு மர்ம நாவல் என்றால் சோற்றையும் மறந்துவிடுவார். 2002இல் போர்நிறுத்தத்தோடு எங்களை வெளியுலகத்தோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகு ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் நாவல்களைக் கிளிநொச்சியில் யாரிடமாவது இரவல் வாங்கி வந்து ஒரே இரவில் முடிப்பார். அதற்கும் முன்னால் எங்களுக்கு ரேடியோதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்ததால் பற்றரி உள்ளே வராது, கரண்ட் என்ற பேச்சே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்போம். சுற்றுவது அண்ணா. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய கை சோர்ந்தால் பேசுகிறவரின் குரல் மங்கி மங்கிக் கிணற்றுக்குள் போவதுபோல் போய்விடும். "சுத்தடா ராசா, சுத்தடா" என்று அம்மம்மா அந்தரப்படுவா. இன்று ஒலிப்புத்தகம் என்றால் ஏதோ வெளிநாட்டுப் புதுமை என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு தலைமுறையே கதையைக் காதால் கேட்டு வளர்ந்தது, அதுவும் கையால் கரண்ட் எடுத்து.

ஈர்ப்பு என்னவென்று கேட்டால், கண்ணும் கையும் வேலையில் இருக்கிற மனிதருக்குக் காது சும்மா இருக்கிறது. 1975இல் அமெரிக்காவில் டுவால் ஹெக்ட் என்பவர் தினமும் வேலைக்கு நெடுந்தூரம் கார் ஓட்டிப்போன சலிப்பில்தான் புத்தகங்களை முழுதாகக் கசெட்டில் பதிந்து தபாலில் வாடகைக்கு அனுப்பத் தொடங்கினார். எங்கள் பக்கம் பன்றியும் யானையும் வயலில் இறங்காமல் இரவிரவாகப் பரணில் காவல் இருக்கிறவர்கள் உண்டு. தையல் மெஷினில் கிடந்து முறிகிற பெண்கள் உண்டு. இவர்களிடம் போய் 200 பக்கப் புத்தகத்தை நீட்டிப் பாருங்கள், வாங்கி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். போனில் ஒரு கொலைக் கதையைப் போட்டுக் கொடுத்தால் அடுத்த நாள் காலையில் தேடி வந்து மிச்சம் எங்கே என்று கேட்பார்கள். நான் கண்டது இது.

கொலைக் கதைக்கும் காதுக்கும் உள்ள தொடர்பு பழையது. முதல் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களை மனதில் வைத்து பிரிட்டனில் பேசும் புத்தகங்களை உருவாக்கினார்கள். 1935இல் இசைத்தட்டுகளில் பதிந்து வீடுகளுக்கு அனுப்பினார்கள், ஒரு பக்கம் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும். முதன்முதலில் அனுப்பிய மிகச் சில புத்தகங்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் ஆக்ராய்டின் கொலை’. இதை அறிந்த அன்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. போரில் கண் போனவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தவர்கள், அறிவுரைப் புத்தகங்களோடு நிற்காமல், கொலை செய்தவன் யார் என்று மண்டையைக் குடையவும் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். என் அண்ணாவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆறுதல்தான் கொடுத்தார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அப்போது தேவைப்பட்டது மூளைக்கு ஒரு வேலை.

அவருக்காகத்தான் நான் எழுதத் தொடங்கினேன். சிறுபோகத்தில், அதாவது மழையில்லாக் காலத்து நெல் விளைச்சலில், முறை வைத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவார்கள் அல்லவா, அதுதான் என் கதையின் அச்சு. வாய்க்காலில் ஒருவர் செத்துக் கிடக்கிறார். தண்ணீரில் விழுந்து செத்தார் என்று ஊர் சொல்கிறது. ஆனால் அந்த வாய்க்காலுக்கு முந்தின நாள் முறை இல்லை, துருசு, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகு, பூட்டியிருந்தது. அப்படியென்றால் நுரையீரலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பின்னால் ஒரு காணி உறுதி (நிலப் பத்திரம்), ஒரு பொய்க் கையெழுத்து. துப்பறிகிறவர் இந்திய நாவல்களில் வருவதுபோல் தனியார் துப்பறிவாளர் இல்லை. வந்து பார்ப்பவர் திடீர் மரண விசாரணை அதிகாரி. எங்கள் ஊர்களில் அப்படித்தானே நடக்கிறது.

எழுதியதைப் போனில் பதிந்தேன். முதல் இரண்டு இரவும் தவளைச் சத்தத்தில் ஒன்றும் உருப்படவில்லை. பகலில் மயில், வாட்டர் பம்ப், கோயில் லவுட்ஸ்பீக்கர். கடைசியில் நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் விடியப்புறம் நாலு மணிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மூட்டைகள் எதிரொலியை அப்படியே குடித்துவிடும். ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் சுவரில் ஸ்பொஞ்ச் ஒட்டுவார்களே, அதே வேலையை எங்கள் நெல் செய்தது. இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி என்ற மென்பொருளில் இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி எடுத்தேன்.

அண்ணாவுக்கு மூன்று அத்தியாயம் போட்டுக் காட்டினேன். தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"கமக்கார அமைப்புச் செயலாளர்தான் செய்தவன்."

எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. கதையில் மொத்தம் பதினாலு அத்தியாயம். மூன்றாவதில் அந்த விவசாயச் சங்கச் செயலாளர் இரண்டு வசனம்தான் பேசுகிறான், ஒரு தடயமும் நான் வைக்கவில்லை.

"எப்பிடியண்ணா?"

"நீ மற்ற ஆக்களின்ர கதையை ஒரே ஓட்டமா வாசிக்கிறாய். அவன் கதைக்கேக்க மட்டும் மூச்சை இழுத்துப் பிடிச்சு மெல்லமா வாசிக்கிறாய், பிள்ளை. நீ அவனை ஒளிக்கிறாய்."

அச்சில் இந்தப் பிழை நடந்திருக்காது. தாளில் எல்லாருடைய வசனமும் ஒரே எழுத்தில்தான் நிற்கிறது. குரலில் எழுதியவருக்குத் தெரிந்தது எல்லாம் கசிந்துவிடும். அன்றிலிருந்து நான் வாசிக்கும் முறையே மாறிப்போனது. இப்போது ஒரு அத்தியாயத்தைப் பதியும் முன் அதில் வருகிற எல்லாரையுமே குற்றவாளி என்று நினைத்து ஒரு தடவை வாசித்துப் பார்க்கிறேன், பிறகு யாருமே செய்யவில்லை என்று நினைத்து ஒரு தடவை. மூன்றாவது தடவைதான் பதிவு.

அண்ணா சொல்லித் திருத்திய இன்னும் இரண்டு விஷயம் உங்களுக்கும் உதவும். கதிரேசன், கணேசன், குணசேகரன் என்று மூன்று பேரை வைத்திருந்தேன். கேட்கிறவர் பக்கத்தைத் திருப்பி யார் இவன் என்று பார்க்க முடியாது. ஆகவே ஒருவரைப் பெயராலும், ஒருவரைத் தொழிலாலும், ஒருவரைச் செருப்புச் சத்தத்தாலும் அடையாளம் வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் தடயம். எழுத்தில் ஒரு தடயத்தை ஒரு வரியில் ஒளித்துவிட்டுப் போகலாம். கேட்கும்போது அந்த வரி நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் போனால் தடயமும் போயிற்று. அதனால் துருசு பூட்டியிருந்ததை இரண்டு இடத்தில் வைத்தேன், ஒரு தடவை தண்ணீருக்குச் சண்டை போடும் கமக்காரர் வாயில், இன்னொரு தடவை காய்ந்த வாய்க்காலுக்குள் விளையாடும் பிள்ளைகளின் சத்தத்தில். இரண்டாவதைத் தடயம் என்று அண்ணாகூடப் பிடிக்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

எட்டாவது அத்தியாயம் முடிந்து நெல்லை விற்றோம். ஒன்பதாவதைப் போட்டுக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நெல்லு ஏத்தியாச்சோ?" அறை வெறுமையாகி என் குரல் சுவரில் பட்டு வருவது அவருக்குக் கேட்டிருக்கிறது. வீட்டிலுள்ள பழைய சேலைகளையும் மெத்தையையும் சுற்றிவரக் கட்டி அந்த அத்தியாயத்தைத் திரும்பப் பதிந்தேன். சோம்பல்பட்டு விட்டிருந்தால் பரணில் இருட்டுக்குள் கேட்கிறவருக்கு, இவ்வளவு நேரமும் பக்கத்தில் இருந்து கதை சொன்னவள் திடீரென்று எழுந்து போனதுபோல் இருந்திருக்கும்.

கேட்பது வாசிப்பு ஆகாது, இதெல்லாம் சோம்பேறிகளுக்கு என்று சொல்ல இங்கே ஆட்கள் வருவார்கள். எழுத்தை வாசிக்கும் பழக்கம் குறையக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, நான் பிள்ளைகளுக்கு ‘அ’னா சொல்லிக் கொடுக்கிறவள். ஆனால் மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு மூச்சை வைத்துக் கொலைகாரனைப் பிடித்த மனிதனைச் சோம்பேறி என்று என் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சுக்குள் கிடந்து உறுத்துகிறது. எங்கள் பக்கத்து நூலகம் ஒன்றுக்குக் கண் தெரியாதவர்களுக்கென்று வெளிநாட்டிலிருந்து யாரோ சீடிகள் அனுப்பியிருந்தார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பஸ் மாறி, வெயிலில். கண்ணாடி அலுமாரிக்குள் சீடிகள் அடுக்கி இருந்தன, எனக்குத் தெரிந்தது. திறப்பு (சாவி) வைத்திருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். அடுத்த மாதமும் போனோம். நாலாவது தடவை அண்ணா வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு பூட்டை உடைத்துப் புதுப் பூட்டுப் போட என்ன செலவாகும்? அந்த அலுமாரியின் கண்ணாடியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அவர் திரும்பியது எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, வாய்ப்புக்கு வருகிறேன். பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. ஓடிபிள் என்ற பெரிய ஒலிப்புத்தகக் கடையில் புத்தகம் ஏற்ற உதவும் ஏசிஎக்ஸ் தளம் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் இருப்பவர்களுக்குத்தான் திறந்திருக்கிறது. இங்கிருந்து அந்த வழி இல்லை. இந்தியாவில் 2018இல் தொடங்கிய குக்கு எஃப்எம், பாக்கெட் எஃப்எம் என்ற ஒலிக்கதைச் செயலிகள் இரண்டிலும் தமிழ் இருக்கிறது. தொடர்கதையாகச் சின்னச் சின்னப் பகுதிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு இழுப்பு வேண்டும். கொலைக் கதைக்கு அது இயல்பாகவே வரும், அதனால் இந்த வகை எழுதுகிறவர்களைத் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒப்பந்தம் வந்தால் ஒலி உரிமையை எத்தனை வருடத்துக்குக் கேட்கிறார்கள், அச்சு உரிமையையும் சேர்த்து இழுக்கிறார்களா என்று வரி வரியாகப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுத வருமென்றால் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் இன்னும் நாவல் வெளியிடாதவர்களுக்கென்றே போட்டி நடத்துகிறது. தொடக்கப் பகுதியும் கதைச் சுருக்கமும்தான் கேட்பார்கள், முழு நாவல் முடித்திருக்கத் தேவையில்லை.

நான் செய்தது சின்ன வழி. யூடியூபில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டேன். பெரிய காசு வரவில்லை. ஆனால் கனடாவில் லொறி ஓட்டும் ஒருவர் எழுதினார், பனிக்குள் ஓட்டும்போது வாய்க்கால் தண்ணீரின் கதை கேட்டதாகவும், "துருசு" என்ற சொல்லை இருபது வருடத்துக்குப் பிறகு கேட்டதாகவும். உங்களுக்கு இருக்கிற உண்மையான வாய்ப்பு இதில்தான் என்று நினைக்கிறேன். எங்கள் பேச்சை எங்கள் வாயால் கேட்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். கணினிக் குரலில் என் கதையின் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். எழுத்துப் பிழையில்லாமல் வாசித்தது, ஆனால் "என்னண்டு கண்டனீர்?" (எப்படிக் கண்டீர்?) என்பதைச் செய்தி அறிக்கைபோல் வாசித்தது. ஒரு பொலிஸ்காரர் சந்தேகத்தோடு கேட்கிற கேள்வி அது.

வன்னியிலிருந்து எழுதினால் போரைத்தான் எழுத வேண்டும் என்று ஒரு பதிப்பாளர் எனக்குச் சொன்னார். போரை எழுதுகிறவர்கள் எழுதட்டும், அது வேண்டும். ஆனால் கள்ள மணல் ஏற்றுகிற ட்ராக்டர், இரவில் சரிகிற முதிரை மரம், இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது நகர்ந்திருந்த எல்லைக் கல் என்று எங்களிடம் குற்றக் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. எழுதுங்கள். எழுதியதன் முதல் அத்தியாயத்தை யாராவது ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.

நான் இப்போது இரண்டாவது கதையின் ஏழாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். அண்ணா இதுவரை மூன்று பேரின் பெயரைச் சொல்லிவிட்டார், மூன்றும் பிழை. நேற்று இரவு நான் விளக்கை அணைத்த பிறகும் அவர் ஆறாவதைத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.