சாவியைப் பிடுங்கியவரிடம் என்ன பேசுவது?

கேள்வி: கணபதி பக்கம் சத்தி ரோட்டில் முன்னால் நின்ற காரின் பம்பரில் என் ஸ்கூட்டர் உரசிக் கீறல் விழுந்துவிட்டது. இறங்கி வந்தவர் எடுத்த எடுப்பிலேயே என் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டார். சுற்றிலும் கூட்டம் வேறு. நடுக்கத்தில் நானும் ஏதேதோ பேசி, கடைசியில் கையில் இருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த மாதிரி நேரத்தில் என்னதான் செய்வது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: யார் சரி, யார் தப்பு என்று நடுரோட்டில் தீர்ப்பு வாங்க முடியாதுங்க, அந்த ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். கத்துகிறவருக்கு அந்த நேரத்தில் கீறலைவிடக் கூட்டம்தான் பெரிய தலைவலி. அத்தனை பேர் பார்க்கும்போது இறங்கி வந்தால் கௌரவம் போய்விடுமே என்றுதான் இன்னும் சத்தம் போடுகிறார். மரியாதை கெடாமல் அவர் இறங்கி வர ஒரு வழியைத் திறந்துவிட்டால் உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், முகம் தெரியாத ஆளைத் திட்டுவது ரொம்பச் சுலபம். இரண்டு கை தூரம் தள்ளி, நெஞ்சுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள், கைகள் இரண்டும் அவர் கண்ணில் படட்டும், விரல் மட்டும் நீள வேண்டாம். "ஏனுங்க கத்தறீங்க" என்று கேட்டுவிடாதீர்கள். "கொஞ்சம் பொறுமையா இருங்க" என்பதும் அதே ரகம்தான், அதைக் கேட்டுப் பொறுமையான ஆளை நான் பார்த்ததில்லை. நம் பக்கத்துச் சண்டை பம்பரில் ஆரம்பித்தாலும் கை ஓங்குவது "யாரைப் பார்த்து வா போங்கறே?" என்கிற இடத்தில்தான். அதனால் அவர் நீ, வா, போ என்றே பேசினாலும் நீங்கள் 'ங்க' போடுவதை விடாதீர்கள். "உரசிருச்சுங்கண்ணா. எங்க பட்டிருக்குதுன்னு காட்டுங்க, பாத்தர்றேன்" – இவ்வளவு போதும். கீறலைக் காட்டக் குனிகிறவர் அந்த நேரத்துக்கு உங்கள் மேல் இருந்த கண்ணை எடுத்துவிடுகிறார் பாருங்கள், அதுதான் நமக்கு வேண்டியது. அப்புறம், "டிராபிக் நிக்குதுங்கண்ணா, அந்த பேக்கரிகிட்ட ஓரமா போயிறலாம்" என்று நகர்த்துங்கள். வேடிக்கை பார்ப்பவர்களில் பாதிப் பேர் அங்கே வர மாட்டார்கள், ஆள் குறையக் குறையச் சத்தமும் குறையும். கொதித்த உடம்பு ஆறப் பத்து இருபது நிமிஷமாவது ஆகும், நியாயம் பேசுவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

பணம் கொடுத்தது பரவாயில்லை, பயந்து கொடுத்ததுதான் எனக்கு வருத்தம். ரோட்டில் ஓடும் வண்டிக்குத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு. எதிராளி வண்டிக்கு ஆன சேதமும் அதில் வரும். போகிற ஆளைப் போகவிடாமல் மறிப்பது குற்றம்: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவில் அதற்கு ஒரு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே எடுத்துவிட்டு வக்கீலாகிவிடாதீர்கள், அவருக்கும் பின்வாங்க வழி இல்லாமல் போய்விடும். சாவி வரவில்லை என்றால் சத்தம் போடாமல் 112க்குக் கூப்பிடுங்கள். கை ஓங்கினால் பேச்சே வேண்டாம், ஸ்கூட்டர் கிடக்கட்டும், ஆள் இருக்கிற கடைக்குள் போய்விடுங்கள்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனிக்குப் பக்கத்து டீக்கடையில், மேலே இடித்துவிட்டான் என்று ஒரு வடமாநிலப் பையனை ஒருவர் அடிக்கப் போனார். பையனுக்குத் தமிழ் தெரியவில்லை. நான் நடுவில் போயிருக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நடுவில் வேண்டாங்க, முதல் அடி அங்கே நிற்கிறவருக்குத்தான். பக்கவாட்டில் போய், கோபக்காரரிடம் சம்பந்தமே இல்லாமல் ஏதாவது கேளுங்கள்: "ஏனுங்ணா, பெருமாநல்லூர் பஸ்ஸு இங்க நிக்குங்களா?" பதில் சொல்லத் திரும்புகிற அந்தக் கணத்தில் வேகம் அறுந்துபோகும். அதற்குள் இன்னொருவர் பையனைக் கையசைத்து அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொள்ளலாம். பாஷை தெரியாதவர்கள் பயத்தில் இளிப்பதுண்டு, "அடிக்க வர்றேன், சிரிக்கறான் பாரு" என்று அதுவே இரண்டாவது சண்டையாகிவிடும். "பயத்துல சிரிக்கறானுங்க, பாஷை தெரியாதுங்க" என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். டீக்கடைக்காரர் சொன்னால் இன்னும் எடுபடும், இரண்டு பேருமே அவர் கடைக்கு வருகிறவர்கள்தானே.

கேள்வி: பஸ்ஸில் குடித்துவிட்டுத் தகராறு செய்பவரிடமும் இப்படிப் பேசலாமா?
– ஒரு வாசகர், பவானி

பதில்: வேண்டாம். போதையில் இருப்பவர் காதில் ஏறாது. பதில் பேசாமல் இடம் மாறுங்கள், கண்டக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: உடனே போனில் வீடியோ எடுப்பது நல்லதா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: திட்டு வாங்குவது நீங்கள் என்றால், முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள், பறிக்க வருவார், அதில் கைகலப்பாகும். தள்ளி நிற்கிற வேறு யாராவது எடுக்கட்டும். நீங்கள் எல்லாம் அடங்கிய பிறகு வண்டி நம்பரையும் கீறலையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இன்ஷூரன்சுக்கு அதுதான் வேண்டும்.