சூப்பர் நிதியில் கடன் வாங்கி வீடு: தவணை கட்டிய பிறகு கையில் என்ன மிஞ்சும்?

கேள்வி: சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். எனக்கு வயது 47, மனைவிக்கு 44. ஆண்டுச் சம்பளம் எனக்கு 110,000 டாலர், அவருக்கு 85,000. இருவரின் சூப்பர் (ஆஸ்திரேலிய ஓய்வூதியச் சேமிப்பு) இருப்பும் சேர்ந்து 330,000 டாலர் இருக்கிறது. சுயநிர்வாக சூப்பர் நிதி ஒன்றைத் தொடங்கி, 70 சதவீதம் கடன் வாங்கி, சிட்னிக்கு வடக்கே உள்ள ஹண்டர் பகுதியில் 650,000 டாலருக்கு நிலமும் வீடும் சேர்ந்த திட்டம் ஒன்றை வாங்கலாம் என்று ஒரு முதலீட்டுக் கூட்டத்தில் சொன்னார்கள். நிலத்துக்கு ஓர் ஒப்பந்தம், கட்டுமானத்துக்கு இன்னோர் ஒப்பந்தம். வீடு முடிந்ததும் என் தம்பி குடும்பம் சந்தை வாடகைக்கு வரத் தயாராக இருக்கிறது. வெளியில் கடன் கிடைக்காவிட்டால் எங்கள் வீட்டை அடமானம் வைத்து நாங்களே நிதிக்குக் கடன் கொடுக்கலாமா? ஓய்வு பெறும் முன்பே சில ஆண்டுகள் கோயம்புத்தூரில் இருக்கும் எண்ணமும் உண்டு. மனையைப் பிடித்துவைக்க 2,000 டாலர் சொந்தக் கணக்கிலிருந்து கட்டிவிட்டோம்.

பதில்: அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட வேண்டாம். இரண்டு தடைகள் சட்டத்திலேயே இருக்கின்றன. அவற்றைத் தாண்டினாலும் வரவு செலவுக் கணக்கு இடிக்கிறது. எனக்கு அதிகக் கவலை தருவது அந்தக் கணக்குதான்.

முதலில் சட்டம். சூப்பர் நிதி கடன் வாங்கக் கூடாது என்பதே 1993ஆம் ஆண்டுச் சூப்பர் மேற்பார்வைச் சட்டத்தின் பொது விதி. 2007இல் அதற்கு ஒரு விலக்கு வந்தது. 2010இல் அது இறுக்கப்பட்டு 67ஏ, 67பி பிரிவுகளாக நிற்கிறது. வாங்கும் சொத்து 'பேர் டிரஸ்ட்' என்ற தனி டிரஸ்டின் பெயரில் இருக்கும்; வாடகையும் பலனும் நிதிக்கு வரும்; கடன் முடிந்ததும் உரிமையை நிதியின் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். தவணை தவறினால் கடன் கொடுத்தவர் அந்த ஒரு சொத்தை மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும். நிதியில் உள்ள மற்றச் சேமிப்பைத் தொட முடியாது.

டேவிட் மர்ரே தலைமையிலான நிதித்துறை விசாரணை 2014இல் இந்த விலக்கையே நீக்கச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. ஆனால் 2018இல் வெஸ்ட்பேக்கும் காமன்வெல்த் வங்கியும் இத்தகைய புதிய கடன்களை நிறுத்திக்கொண்டன. இன்று இதைத் தருபவை பெரும்பாலும் சிறிய கடன் நிறுவனங்கள். சாதாரண வீட்டுக் கடனைவிட வட்டி கூடுதலாகவே இருக்கும்.

இந்த விலக்கின் கீழ் ஒரு கடனுக்கு ஒரே சொத்துதான். நிலத்தைத் தனியாகக் கடனில் வாங்கிப் பிறகு அதில் வீடு கட்டினால், வெற்று மனை வீடாக மாறி வேறொரு சொத்தாகிவிடுகிறது என்பது ஆஸ்திரேலிய வரி அலுவலகத்தின் நிலை. கட்டுமானத்துக்குக் கடன் பணத்தைப் பயன்படுத்த முடியாது. நிலக் கடன் நிலுவையில் இருக்கும்வரை நிதியின் சொந்தப் பணத்தில் கட்டினாலும் விதி மீறப்படுகிறது. அதனால் இரண்டு ஒப்பந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. வீட்டைக் கட்டி முடித்து, ஒரே ஒப்பந்தத்தில், முடிவில் மொத்த விலையையும் வாங்கிக்கொண்டு ஒப்படைக்கும் விற்பனை என்றால் அனுமதி உண்டு. அதிலும் ஓர் ஆபத்தைக் கவனியுங்கள். ஒப்படைக்கும் நாளில் மதிப்பீட்டாளர் வீட்டை 600,000 என்று மதித்தால் கடன் அந்த மதிப்பில் 70 சதவீதம்தான் கிடைக்கும். மீதியை நிதியே புரட்ட வேண்டும்.

வாங்கிய பிறகும் இதே விதி உங்களைப் பின்தொடரும். பழுது பார்க்கவும் பராமரிக்கவும் கடன் பணத்தைப் பயன்படுத்தலாம். மேம்படுத்தப் பயன்படுத்தக் கூடாது. தீப்பிடித்த சமையலறையைப் பழையபடி அமைப்பது பழுதுபார்ப்பு. அதையே பெரிதாக்கிக் கட்டுவது மேம்பாடு. கூடுதல் படுக்கையறை வேண்டுமென்றால், வீடு வீடாகவே இருப்பதால், நிதியின் சொந்தப் பணத்தில் செய்யலாம். மனையைப் பிரித்து இரண்டாக்குவது கடன் முடியும்வரை நடக்காது.

அடுத்து உங்கள் தம்பி. அவர் குடியிருக்க முடியாது. சந்தை வாடகையை ஒரு டாலர் குறையாமல் கொடுத்தாலும் முடியாது. நிதியின் குடியிருப்புச் சொத்தில் உறுப்பினர்களோ அவர்களுடைய உறவினர்களோ வசிக்கக் கூடாது. ஒரே ஒரு மாதம் என்றாலும் அது மீறல்தான். கணவன் மனைவி இருவரின் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோரின் பிள்ளைகள் ஆகியோரும், இவர்களுடைய கணவன் அல்லது மனைவியும் சட்டத்தின் உறவினர் பட்டியலில் வருகிறார்கள். பெரியப்பா மகனும் அத்தை மகளும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அவர்களுக்குச் சலுகை வாடகைக்கு விடக் கூடாது. முன்பின் தெரியாத ஒருவருக்கு எப்படி விடுவீர்களோ அப்படியே விட வேண்டும். பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகும்போது அங்கே தங்கட்டும் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நீங்கள் ஏற்கனவே வைத்திருக்கும் குடியிருப்பு வீட்டை நிதிக்கு விற்கவும் முடியாது.

இப்போது கணக்கு. ஒரே ஒப்பந்தத்தில் 650,000 டாலருக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடன் 455,000, நிதி போட வேண்டியது 195,000. நியூ சவுத் வேல்ஸ் முத்திரைத் தீர்வை சுமார் 24,000. நிதிக்கும் பேர் டிரஸ்டுக்கும் பொறுப்பேற்கும் இரண்டு நிறுவனங்கள், டிரஸ்ட் பத்திரங்கள், வழக்கறிஞர், கடன் கட்டணம் என்று இன்னொரு 10,000 வைக்கிறேன். ஆக முதல் நாளிலேயே 229,000 போய்விடுகிறது; மிஞ்சுவது சுமார் 100,000.

25 ஆண்டுக் கடன், 7.25 சதவீத வட்டி என்றால் தவணை ஆண்டுக்குச் சுமார் 39,500. வாரம் 620 டாலர் வாடகை, ஆண்டில் இரண்டு வாரம் காலி என்று கொண்டால் வரவு 31,000. நகராட்சி வரி, தண்ணீர், காப்பீடு, முகவர் கட்டணம், சில்லறைப் பழுதுகளுக்கு 8,500. கணக்காளர், தணிக்கையாளர், வரி அலுவலகத்தின் 259 டாலர் மேற்பார்வைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 4,000. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்கு 21,000 டாலர் துண்டு விழுகிறது.

இதை நிரப்புவது எது? உங்கள் இருவரின் முதலாளிகளும் கட்டும் 12 சதவீத சூப்பர். அது ஆண்டுக்கு 23,400. வட்டியும் தேய்மானமும் கழிவதால் நிதியின் வரி ஐந்நூறு டாலருக்குள் அடங்கிவிடும். அப்படியும் ஆண்டு முடிவில் மிஞ்சுவது இரண்டாயிரத்துக்கும் குறைவு. உங்கள் இருவரின் ஓர் ஆண்டு ஓய்வூதியச் சேமிப்பு முழுவதும் அந்த ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறது. வட்டி ஒரு சதவீதம் ஏறினால் தவணை ஆண்டுக்கு 3,500 டாலருக்கு மேல் கூடும். அந்த இரண்டாயிரமும் போய்க் கைப்பணம் கரையத் தொடங்கும். உங்கள் மனைவி ஓராண்டு விடுப்பு எடுத்தால் வரவில் 10,200 குறையும். கூரை ஒழுகுவதும், குடியிருப்பவர் நடுவில் காலி செய்வதும் இதே ஆண்டில் வரலாம்.

கூட்டத்தில் இந்தக் கணக்கைக் காட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வீட்டு விலை ஏறும் வரைபடத்தைக் காட்டியிருப்பார்கள். விலை ஏறலாம், ஆனால் ஏறிய விலையைக் கொண்டு தவணை கட்ட முடியாது. சூப்பர் நிதிக்குள் வெளியிலிருந்து பணம் போடுவதற்கும் வரம்பு உண்டு: 2025–26இல் வரிச்சலுகைப் பங்களிப்பு ஒருவருக்கு 30,000, வரி கட்டிய பணம் 120,000. சம்பளத்திலிருந்து கூடுதலாகக் கட்ட உங்கள் இருவருக்கும் இடம் இருக்கிறது. ஆனால் போட்ட பணத்தை 60 வயதுக்கு முன் திரும்ப எடுக்க முடியாது.

இன்னும் ஒன்று. நிதியில் வரும் நட்டத்தை உங்கள் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. அது நிதிக்குள்ளேயே, 15 சதவீத வரிக்கு எதிராக மட்டும் பயன்படும். ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் ஆதாயத்துக்கு 10 சதவீத வரி, ஓய்வூதியக் கட்டத்தில் வரம்புக்குள் வரியே இல்லை என்பது உண்மையான நன்மை. ஆனால் அந்தக் கட்டத்தையும் யோசியுங்கள். 25 ஆண்டுக் கடன் முடியும்போது உங்களுக்கு வயது 72. வேலையை நிறுத்தியதும் முதலாளியின் 12 சதவீதம் நின்றுவிடும், தவணை நிற்காது. ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கினால் 65 வயதுக்குக் கீழ் ஆண்டுக்கு 4 சதவீதமும், அதன் பின் 74 வரை 5 சதவீதமும் பணமாக எடுத்தே ஆக வேண்டும். வீட்டின் ஒரு மூலையை விற்று அதைக் கொடுக்க முடியாது. இருவரில் ஒருவர் இறந்தால் அவருடைய பங்கைத் தாமதமின்றிக் கொடுக்கவும் பணம் வேண்டும். பலர் வீட்டை விற்க நேர்வது அப்போதுதான்.

உங்கள் நிதியில் ஏறத்தாழ 87 சதவீதம் ஒரே வீடாக இருக்கும். சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனால் முதலீட்டுத் திட்டத்தில் பரவல், கைப்பணம், காப்பீடு ஆகியவற்றை எப்படி யோசித்தீர்கள் என்று எழுதிவைக்க வேண்டும். 90 சதவீதத்துக்கு மேல் ஒரே வகைச் சொத்தில் வைத்திருந்த சுமார் 17,700 நிதிகளுக்கு 2019இல் வரி அலுவலகம் கடிதம் அனுப்பியது இதைக் கேட்டுத்தான்.

காப்பீடு என்றதும் சொல்ல வேண்டியது: இப்போதுள்ள சூப்பர் கணக்குகளை முழுக்கத் துடைத்து மாற்றினால், அவற்றோடு வரும் ஆயுள், நிரந்தர இயலாமைக் காப்பீடுகளும் போய்விடும். கடன் சுமையை ஏற்றும் அதே நாளில் காப்பீட்டை இழப்பது பெரும் ஆபத்து. ஒரு பகுதியைப் பழைய கணக்கிலேயே விட்டுவையுங்கள். 16 மாதம் பங்களிப்பு வராத கணக்கில் காப்பீடு ரத்தாகும் என்பதால், அதைத் தொடர விரும்புகிறேன் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

வீட்டை அடமானம் வைத்து நீங்களே கடன் கொடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம், ஆனால் மூன்றாம் நபர் தரும் கடனைப் போன்ற நிபந்தனைகளோடுதான். வரி அலுவலகம் வகுத்த பாதுகாப்பான அளவுகோல்படி அதிகபட்சம் 15 ஆண்டுகள், சொத்து மதிப்பில் 70 சதவீதம், மாதந்தோறும் அசலும் வட்டியும். வட்டி 2024–25இல் 9.35 சதவீதமாக இருந்தது. உறவு என்பதற்காகச் சலுகை காட்டினால் வாடகை வருமானத்துக்கே 45 சதவீத வரி விழலாம். 15 ஆண்டுத் தவணையை உங்கள் நிதி தாங்காது. வெளியில் கடன் வாங்கினாலும் பெரும்பாலும் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பார்கள். கையெழுத்திட்டால், நிதியின் மற்றச் சேமிப்புக்கு உள்ள பாதுகாப்பு நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இருக்காது.

கோயம்புத்தூர் எண்ணத்தைக் கணக்காளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நிதியின் நிர்வாக முடிவுகள் வழக்கமாக ஆஸ்திரேலியாவிலிருந்து எடுக்கப்பட வேண்டும். தற்காலிகமாக வெளியே இருப்பது இரண்டு ஆண்டுகள் வரை பொறுக்கப்படும். அதைத் தாண்டி, அங்கிருந்தே எல்லாவற்றையும் முடிவு செய்தால், நிதி தன் தகுதியை இழந்து சொத்து மதிப்பின் பெரும்பகுதிக்கு 45 சதவீத வரி கட்ட நேரலாம். நம்மவர்களில் பலர் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போய் நீண்ட காலம் தங்குகிறோம். தொழில்முறை நிறுவனங்கள் நடத்தும் சாதாரண சூப்பர் நிதியில் இந்தக் கவலையே இல்லை. அங்கே மோசடியால் பணம் போனால் அரசின் இழப்பீட்டுக்கு வழி உண்டு. சுயநிர்வாக நிதிக்கு அதுவும் இல்லை.

இந்த ஏற்பாடு எவருக்குமே உதவாது என்று நான் நினைக்கவில்லை. சொந்தமாக மருத்துவமனையோ மளிகைக் கடையோ நடத்துபவர், அந்தக் கட்டடத்தைத் தன் நிதி மூலம் வாங்கினால், சந்தை வாடகைக்குத் தன் தொழிலுக்கே விடலாம். தொழில் கட்டடத்துக்கு உறவினர் தடை இல்லை. தன்னிடமே இருக்கும் கட்டடத்தைச் சந்தை விலைக்கு நிதிக்கு விற்கவும் செய்யலாம். தொழில் நன்றாக நடக்கும்வரை வாடகை நிற்காது. நிதியில் போதிய கைப்பணமும் இருந்தால் அத்தகையவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உங்கள் நிலை வேறு. அடுத்த சில ஆண்டுகள் சம்பளத்திலிருந்து கூடுதலாகக் கட்டி இருப்பை உயர்த்துவதே உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

இந்த நிதியைத் தொடங்கச் சொன்னவரிடம் நிதி ஆலோசனை உரிம எண்ணையும், எழுத்து வடிவ ஆலோசனை அறிக்கையையும் கேளுங்கள். சூப்பரை மாற்றச் சொல்ல வீட்டு முகவருக்கு உரிமை இல்லை. உரிமம் பெறாத கணக்காளருக்கும் 2016 ஜூலை முதல் இல்லை. ஆலோசனை சொன்னவரின் பெயர் அரசின் மணிஸ்மார்ட் இணையதளத்தில் உள்ள ஆலோசகர் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

கட்டிய 2,000 டாலரை இந்த வாரமே எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். நியூ சவுத் வேல்ஸில் ஒப்பந்தங்கள் பரிமாறப்படாதவரை ஆர்வம் தெரிவிக்கக் கட்டிய முன்தொகையைத் திருப்பித் தந்தாக வேண்டும். பின்னொரு நாள் வேறு சொத்தை இவ்வழியில் வாங்கத் தீர்மானித்தால், முன்பணம் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து போகாமல் நிதியின் கணக்கிலிருந்தே போகட்டும். நிதியும் பேர் டிரஸ்டும் எந்த வரிசையில் அமைய வேண்டும், ஒப்பந்தம் எந்தப் பெயரில் வர வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பிசகினால் முத்திரைத் தீர்வையை இரண்டு முறை கட்ட நேரும். வழக்கறிஞர் அந்த வரிசையை எழுதிக் கொடுத்த பிறகே பேனாவை எடுங்கள்.